புற்றெடுத்த கதை

கறையான் புற்றெடுக்கக் கருநாகம் குடிபுகுந்தாற்போல என்பது நம்மவர் பழமொழி. ஒருவர் உழைத்து ஆக்கியதை மற்றொருவர் எளிதிற் கவர்ந்துகொள்ளும்போது எடுத்துக்காட்டப்பெறும் பழிமொழியும் அதுவே. பழிப்பை ஒதுக்கிவிட்டு நோக்கினால், அதனுள் உயிரியல் உண்மை ஒன்று பொதிந்திருத்தல் புலனாகும். பாம்புகளுள் பெரும்பாலானவை தமக்கென வீடமைத்துக்கொள்வதில்லை. எலி தோண்டிய வளை, கறையான் எழுப்பிய புற்று, மரவேரின் அடிப்பொந்து, பாறையிடுக்கு ஆகிய இவையே அவற்றின் இருப்பிடம். பெண் ராஜநாகம் ஒன்றே சருகுகளை உடலால் வாரிக் குவித்துக் கூடமைத்து, அதனுள் முட்டையிட்டுக் காவலும் காக்கும். ஏனையவெல்லாம் ஒண்டுக்குடித்தனமே நடத்துகின்றன. தில்லி மாநகரில், மூன்றாம் மாடிக் குடியிருப்பொன்றில், மூன்று பாம்புகளுக்காக நாங்கள் கறையானின் தொழிலை மேற்கொண்ட வரலாற்றையே இங்கு எழுதப் புகுந்தோம். அன்பர்கள் அஞ்சாமல் தொடர்ந்து படிக்கலாம். அம்மூன்றுள் ஒன்றுக்கும் நஞ்சில்லை.

வந்த விருந்தினர் இன்னார் என்பதை முதற்கண் கூறிவிடுதல் முறை. பந்து மலைப்பாம்பு என்று வழங்கப்பெறும் இவ்வினம் மேற்கு ஆப்பிரிக்காவிலும் நடு ஆப்பிரிக்காவிலும் வாழ்வது. அச்சமுற்றால் தலையை நடுவிற் பொதிந்துகொண்டு உடலைப் பந்துபோலச் சுருட்டிக்கொள்ளும், பெயர்க்காரணம் அதுவே. நம் நாட்டு மலைப்பாம்பைப் போல மாபெரும் உருவினதன்று. முழு வளர்ச்சியுற்றபோதும் மூன்று முதல் ஐந்தடி நீளமே இருக்கும். நம் காட்டுப் பாம்புகளைப் பிடித்து வீட்டில் வளர்ப்பதை 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் தடுக்கின்றது, தடுப்பதே தக்கது. அயல்நாட்டு இனங்களுக்கு வேறு நெறி. சைட்டிஸ் என்னும் பன்னாட்டு உடன்படிக்கையின் பட்டியலில் இடம்பெற்ற உயிரினங்களை வைத்திருப்போர் அவற்றைப் பதிவு செய்தல் வேண்டும் என 2022இல் அச்சட்டம் திருத்தப்பெற்றது. பதிவுக்குரிய விதிகள் 2024 பிப்ரவரியில் வெளியாயின. எங்கள் குடும்ப நண்பர் ஒருவர் 2024 ஐப்பசியில் வெளிநாட்டிற் பணியேற்றுச் சென்றபோது, தாம் முறைப்படி பதிவு செய்து வளர்த்து வந்த மூன்று பாம்புகளையும் எங்கள் மகனிடம் ஒப்படைத்தார். அவனுக்கு அப்போது வயது 15. கைம்மாற்றத்துக்குரிய பதிவை முடித்த பின்னரே அவை எங்கள் வாயிற்படி ஏறின.

ஏறியதைப் பாட்டி பார்த்துக்கொண்டிருந்தார். செங்கற்பட்டுச் சீமையிற் பிறந்து வளர்ந்து, 84 ஆண்டுகள் கண்டவர். விளக்கு வைத்த பின்னர்ப் பாம்பு என்னும் சொல்லை நாவால் உரைக்கமாட்டார். 'பூச்சி' என்பார், அல்லது 'நல்லது' என்பார்.

"ஏன் கண்ணா, நல்லதை வீட்டுக்குள்ளே கொண்டுவந்து வைக்கலாமா? அது இருக்கிற இடத்துக்கு நாம் போய்ப் பாலூற்றிவிட்டு வருவதுதானே வழக்கம்?" என்றார்.

"இது நல்லபாம்பு இல்லை பாட்டி, மலைப்பாம்பு. கடித்தாலும் விஷம் கிடையாது" என்றான் பேரன்.

"விஷத்தைப் பற்றியா கேட்டேன்? வந்தவர்களை எங்கே உட்கார வைப்பாய் என்று கேட்கிறேன்" என்றார் பாட்டி.

அவ்வினாவுக்கு விடை காண எங்களுக்கு மூன்று திங்கள் ஆயிற்று.

பாம்புகளோடு மூன்று கண்ணாடித் தொட்டிகளும் வந்திருந்தன. மேலே கம்பிவலை மூடி. அதன்மேல் ஒரு விளக்கு. உள்ளே சிறு மரக்கிளை. கூடத்து மேசைமேல் அவற்றை வரிசையாக வைத்தபோது காட்சி மிக எழிலாகவே இருந்தது. வந்தவர் அனைவரும் வியந்து நோக்கினர். ஆனால், கார்த்திகை பிறந்ததும் தலைநகரின் குளிர் தன் முகத்தைக் காட்டத் தொடங்கியது. கண்ணாடி, வெப்பத்தைத் தன்னிடம் தங்கவிடாது. வலைமூடியோ சூட்டையும் ஈரத்தையும் ஒருங்கே மேலே போக்கிவிடும். விளக்கின் நேர்கீழே 35 பாகை செல்சியஸ் இருக்க, ஒரு சாண் அப்பால் 19 பாகையே இருந்தது. நம்மைப் போல உடற்சூட்டை உள்ளிருந்தே ஆக்கிக்கொள்ளும் ஆற்றல் பாம்புக்கு இல்லை. உண்டதைச் செரிப்பதும் நோயை எதிர்த்து நிற்பதும் புறத்தே கிடைக்கும் வெப்பத்தைப் பொறுத்தன. எரியும் இடத்துக்கும் உறையும் இடத்துக்கும் நடுவே தக்கதோர் இடமின்றி அவை அலைந்தன.

மூன்றனுள் மூத்தது பெண். அது முதலில் இரையை மறுத்தது. குளிர்காலத்தில் இவ்வினம் பல வாரங்கள் உண்ணாதிருத்தல் இயல்பே என்பதால் அதனை நாங்கள் பெரிதாகக் கருதவில்லை. ஒருநாள் இரவு அதன் மூச்சில் மெல்லிய சீழ்க்கையொலி கேட்டது. மூக்குத் துளையில் நீர்க்குமிழி தோன்றி உடைந்தது. மறுநாளே விலங்கு மருத்துவர் ஒருவரிடம் கொண்டு சென்றோம். மூச்சுறுப்பில் தொற்று என்றார் அவர். ஊசி மருந்து தொடங்கினார். தொடங்கும்போதே, "மருந்து பாதிதான், மற்றப் பாதி இருப்பிடம். இந்தத் தொட்டியில் இந்தக் குளிர்காலத்தை இது கடப்பது அரிது" என்று தெளிவாகக் கூறிவிட்டார்.

அன்றிரவு பாட்டி கூடத்தில் அமர்ந்து அத்தொட்டிகளை நெடுநேரம் நோக்கியிருந்தார். பின்னர், "நாலு பக்கமும் திறந்த வீட்டில் எந்தப் பூச்சிக்குத் தூக்கம் வரும்? கண்ணாடி உங்கள் கண்ணுக்கு. அதன் உடம்புக்கு என்ன வைத்தீர்கள்?" என்று கேட்டார். நூல் பல கற்றவர் சொல்லவேண்டியதைப் பாட்டி தம் பட்டறிவால் சொல்லிவிட்டார்.

இவ்வினத்தின் இயற்கை வாழ்வு அவர் சொல்லுக்குச் சான்றாக நிற்பது. பகலெல்லாம் எலி வளையிலும் வெறிச்சோடிய கறையான் புற்றிலும் சுருண்டு கிடந்து, இருள் சூழ்ந்த பின்னரே இவை வெளிப்படும். இருட்டும், உடலின் இருமருங்கும் சுவரைத் தொட்டிருக்கும் நெருக்கமுமே இவற்றுக்கு அரண். பெனின் நாட்டில் ஊய்டா என்னும் ஊரில் இப்பாம்புகளுக்கென்றே ஒரு கோயில் உண்டு. அங்கு அவை தெய்வத்தன்மை உடையனவாகப் போற்றப்படுகின்றன. இரவில் ஊருக்குள் உலவி வருமாறு திறந்துவிடப்படுவதும் உண்டு. புற்றுக்கு மஞ்சளும் குங்குமமும் இட்டு வழிபடும் நமக்கு இச்செய்தி அயலதாகத் தோன்றாது.

நம் நாட்டிலும் பாம்பின் இவ்வியல்பை நன்கறிந்த மக்கள் உளர். மாமல்லபுரத்துக்கு அருகே வடநெம்மேலியில், இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் 1978ஆம் ஆண்டு முதல் நடைபெற்று வருகின்றது. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கையும் பிடித்துவந்து, சில வாரங்கள் வைத்திருந்து, நச்சு முறிவு மருந்துக்காக நஞ்செடுத்து, மீண்டும் காட்டில் விட்டுவிடுவர். அச்சங்கத்தினர் பாம்பை எதில் வைக்கின்றனர்? மட்பானையில். அடியிலே மணல், வாய்க்கு மெல்லிய துணி, கழுத்தில் இறுகக் கட்டிய கயிறு. பானைக்குள் இருள் உண்டு, தண்மை உண்டு, காற்றும் உண்டு. புற்றினும் சிறந்த புற்று அது எனலாம். அம்மரபில் வந்த வடிவேல் கோபால், மாசி சடையன் ஆகிய இருவருக்கும் 2023ஆம் ஆண்டில் பத்மஸ்ரீ விருது அளிக்கப்பெற்றதை அன்பர்கள் அறிவர். ஆயினும், பானை சில வாரத் தங்கலுக்கு உரிய சத்திரமே. எங்கள் விருந்தினரோ ஆயுள் முழுமைக்கும் தங்க வந்தவர்கள்.

இந்நிலையிலேதான் எங்கள் மகன், இழுப்பறை அடுக்கு என்னும் முறையைப் பற்றிப் படித்துவந்து கூறினான். துணி வைக்கும் பெட்டகத்தில் இழுப்பறைகள் ஒன்றன்மேல் ஒன்றாக இருப்பதுபோல, பாம்பு உறையும் பெட்டிகளை அடுக்கி அமைப்பது அது. பெட்டிக்குத் தனி மூடி இல்லை. மேல்தட்டின் அடிப்பலகையே மூடியாகும். ஒரு பகுதியில் மட்டும் வெப்பம் ஊட்டப்பெறும். உள்ளே இருள், நெருக்கம், நிலைத்த சூடு, நீங்காத ஈரம் ஆகிய நான்கும் கிட்டும். புற்றுக்கும் பானைக்கும் இது உறவே.

ஆனால், இதன் மறுபக்கத்தையும் நாங்கள் ஆராயவேண்டியிருந்தது. 1992இல் அமெரிக்காவில் இவ்வினத்தின் வெண்ணிற வகை வளர்ப்பிடத்திலேயே முதன்முதலாகப் பிறப்பிக்கப்பெற்றது. அதனைத் தொடர்ந்து புதிய புதிய நிறவகைகளை உண்டாக்கி விற்கும் வணிகம் பெருகியது. நூற்றுக்கணக்கான பாம்புகளைச் சிற்றிடத்தில் வைத்துப் பேண வணிகர்க்குக் கைகொடுத்தது இவ்வடுக்கே. துப்புரவு எளிது, செலவு குறைவு, இடமும் மிச்சம். இம்மூன்றும் வளர்ப்பவர்க்கு வரும் ஆதாயங்களேயன்றிப் பாம்புக்கு வருவன அல்ல. பாம்பு ஒருமுறையேனும் தன் உடலை நேராக நீட்டமுடியாத பெட்டியை இருப்பிடம் என்பதா, சிறை என்பதா என்று வளர்ப்போரிடையே இன்றளவும் வாதம் நிகழ்கின்றது. பதுங்கியிருப்பதே அதன் இயல்பு என்பர் ஒரு சாரார். பதுங்குவது பகலில், இரவில் அது நடமாடும் உயிர் என்பர் மற்றொரு சாரார். இருவர் கூற்றிலும் உண்மை உண்டு. கண்ணாடித் தொட்டி காண்போர் கண்ணுக்காக. சிறிய இழுப்பறை வளர்ப்போர் கைக்காக. இரண்டுக்கும் அப்பால், குடியிருப்பவரின் உடலுக்காக ஒன்றைக் கட்டமுடியுமா? நாங்கள் மேற்கொண்ட வேலையின் வினா இதுவே.

கடையில் ஆயத்தமாகக் கிடைக்கும் பெட்டியைக் கொண்டு அளவை முடிவு செய்வதில்லை. பாம்பைக் கொண்டே முடிவு செய்வது என்று துணிந்தோம். மகன் நூல்கண்டு ஒன்றை எடுத்துவந்தான். ஒவ்வொரு பாம்பும் சுவரோரமாக ஊர்ந்து செல்லும்போது அதன் முதுகின் வளைவோடு நூலைப் போக்கி, தலையிலும் வாலிலும் முடிச்சிட்டு, பின்னர் நூலை நீட்டி அளந்தான். இளையது 34 அங்குலம், நடுவது 39, நோயுற்றிருந்த மூத்தது 44. ஆகவே, பெட்டியின் உள்நீளம் 44 அங்குலத்துக்குக் குறைதல் ஆகாது என்பது எங்கள் முதல் விதியாயிற்று. தச்சர் பலகையை அளந்து வீடு கட்டுவர். நாங்கள் குடியிருப்பவரை அளந்து பலகை வாங்கப் புறப்பட்டோம்.

கீர்த்தி நகர்ச் சந்தையில் 18 மில்லிமீட்டர் ஒட்டுப்பலகை வாங்கினோம். பலகை எட்டடி நீளம். அதனை இரண்டாகப் பகுத்தால் தட்டுக்கு 48 அங்குலம் என்பது கணக்கு. ஆயினும் இரம்பத்தின் வாய் சிறிது தின்னும். சரிசெய்து இழைத்தபின் 47½ அங்குலம் எஞ்சியது. இழுப்பறை ஓடுவதற்குரிய எஃகுத் தடங்கள் இருபுறமுமாக ஓர் அங்குலம் கொண்டன. பெட்டியின் பக்கப் பலகைகள் இரண்டும் சேர்ந்து ஓர் அங்குலம் கொண்டன. உள்ளே எஞ்சிய நீளம் 45½ அங்குலம். மூத்தவள் 44, இடைவெளி ஒன்றரை அங்குலம்! அகலம் 22 அங்குலம் ஆதலின், மூலைக்கு மூலை நீண்டால் 50 அங்குலம் கிடைக்கும் என்று மகன் கணக்கிட்டுக் காட்டினான். பள்ளியில் அவன் மனமின்றிக் கற்ற செங்கோண முக்கோணத் தேற்றம், அன்று ஒரு பாம்புக்கு ஆறு அங்குல இடம் வாங்கித் தந்தது.

இழுப்பறையின் பக்கங்களுக்கு மரம் உதவாது. கழிவின் ஈரத்தை உறிஞ்சி நாறும். சமையலறைப் பெட்டகங்களுக்கு இந்நாளில் பயன்படும் பி.வி.சி. பலகையை 12 மில்லிமீட்டர் கனத்தில் எடுத்துக்கொண்டோம். நீர் ஊறாது, எளிதிற் கழுவலாம். ஆனால், அப்பலகை வெப்பத்தையும் கடத்தாது. அடியிலிருந்து சூடேற்ற வேண்டிய பெட்டிக்கு அது அடித்தளமாக அமைதல் எங்ஙனம்? இதற்கு விடை, தெருமுனைக் கடையின் பெயர்ப்பலகையில் கிடைத்தது. இரு அலுமினியத் தோல்களுக்கு நடுவே நெகிழியைப் பொதிந்து செய்யும் 3 மில்லிமீட்டர்த் தகட்டினாலேயே இக்காலத்துக் கடைப்பலகைகள் ஆக்கப்பெறுகின்றன. மெல்லியது, வளையாது, துருவேறாது, சூட்டை மேலே விடும், பக்கத்திலும் பரப்பும். அதனையே அடித்தளம் ஆக்கினோம்.

சூட்டுக்கு, ஒவ்வொரு தட்டின் இடப்புற மூன்றிலொரு பங்கில் மட்டும் மெல்லிய வெப்பத்தாள் பதித்தோம். பெட்டியின் ஒரு முனை 32 பாகையிலும் மறுமுனை 26 பாகையிலும் நிற்றல் வேண்டும். வேண்டியபோது வேண்டிய இடத்துக்குப் பாம்பே நகர்ந்துகொள்ளும். அதற்குச் சூட்டைக் கொடுப்பது மட்டும் போதாது; சூட்டைத் தேர்ந்துகொள்ளும் உரிமையையும் கொடுத்தல் வேண்டும். மின்பொருள்களைச் சாந்தினி சௌக்கில் உள்ள பகீரத் பேலஸ் கடைகளில் வாங்கினோம். பாம்பு சுடும் தளத்தினின்று விலகாமலே கிடந்து புண்பட்டுவிடுவது உண்டு. ஆதலின் வெப்பத்தாளைத் தெர்மோஸ்டாட் இன்றி ஒரு நாழிகையும் இயக்குதல் ஆகாது. தெர்மோஸ்டாட்டே பழுதுற்றால் என்செய்வது? அதற்கும் மேலே, 36 பாகையை எட்டியதும் மொத்த மின்சாரத்தையும் துண்டிக்கும் இரண்டாம் காவலன் ஒருவனை அமர்த்தினோம். மின்கசிவு துண்டிப்பானும், மின்வெட்டுக்கு இன்வெர்ட்டரும் சேர்ந்தன.

இனி, பெட்டியின் மேல்விளிம்புக்கும் தட்டுக்கும் இடையே விடவேண்டிய வெளி. மிகக் குறைந்தால் இழுப்பறை உரசும். மிகுந்தால் பாம்பு மூக்கை நுழைத்து நெம்பும். இரண்டு மில்லிமீட்டர் என்று வரையறுத்து, அட்டைத் துண்டைச் செருகிச் செருகிப் பார்த்துத் தடங்களை முடுக்கினோம். உள்ளிருந்து தள்ளினால் திறவாதபடி முகப்பில் தாழ் வைத்தோம். காற்றுக்கு இரு முனைகளிலும் ஐந்து மில்லிமீட்டர்த் துளைகள் இட்டு, ஒவ்வொரு துளையின் உள்வாயையும் உப்புத்தாள் கொண்டு மழுக்கினோம். தோல் உரசும் இடத்தில் கூர்மை இருத்தலாகாது. பகலிரவு தெரியும் பொருட்டு முகப்பில் நான்கு விரற்கடை அகலத்தில் மங்கிய அக்ரிலிக் பட்டை ஒன்று பதித்தோம். மூட்டுகளைச் சிலிக்கான் பசையால் அடைத்து, அதன் புளித்த காடி மணம் அறவே நீங்கும் வரை பால்கனியில் ஆறவிட்டோம். பாம்புக்கு வெளிச்செவி இல்லை. ஆனால் தரையின் அதிர்வு முழுவதும் அதன் தாடையெலும்பு வழியே உட்செவிக்குச் செல்லும். ஆதலின் அடுக்கின் கால்களுக்கு ரப்பர் வில்லைகள் இட்டு, துணி துவைக்கும் இயந்திரத்துக்கு எட்டாத உள்ளறையில் நிறுத்தினோம்.

குடிபுகுமுன் வெற்றடுக்கைப் பன்னிரண்டு நாள் இயக்கிச் சோதித்தோம். விடியல், நண்பகல், அந்தி, நள்ளிரவு என நான்கு வேளையும் வெப்பத்தைக் குறிப்பேட்டில் எழுதினோம். நள்ளிரவுக் கடமையை மகன் வேண்டிப் பெற்றுக்கொண்டான். அறையில் 11 பாகைக் குளிர் நிலவிய இரவிலும் பெட்டிகள் சூடு தாங்கின. ஆனால், கீழ்ப்பெட்டியில் 29½ பாகையும் மேற்பெட்டியில் 33 பாகையும் இருந்தன. சூடு மேலேறும் என்பதை ஏடு சொல்லக் கேட்பது வேறு. நள்ளிரவில் கண்ணாற் காண்பது வேறு. ஒவ்வொரு பெட்டிக்கும் தனித்தனித் தெர்மோஸ்டாட் பொருத்தி அவ்வேறுபாட்டை நீக்கினோம். தேங்காய் நார்த்தூள் பரப்பி, நீர்க்கிண்ணமும் இரு முனைகளிலும் பதுங்குமிடமும் வைத்ததோடு பணி நிறைவுற்றது. மொத்தச் செலவு சுமார் 28,000 ரூபாய்.

2025ஆம் ஆண்டு போகியன்று கண்ணாடித் தொட்டிகள் கூடத்தை விட்டு நீங்கின. பாம்புகள் அடுக்கில் குடியேறின. இளையவை இரண்டும் எட்டாம் நாளே இரை கொண்டன. எங்கள் அடுப்பங்கரையில் புலால் புழங்குவதில்லை. உறைந்த எலிகளுக்கெனத் தனியே ஒரு சிறு குளிர்ப்பெட்டி பால்கனியில் இருக்கின்றது. அது பாட்டி விதித்த உடன்படிக்கை. மூத்தவளோ உண்ணவில்லை. இரண்டாம் வாரத்தில் மூச்சின் சீழ்க்கை ஓய்ந்தது. மூன்றாம் வாரத்தில் அவள் வெப்ப முனையிலிருந்து தண்முனைக்கும், தண்முனையிலிருந்து வெப்ப முனைக்கும் மாறிமாறிச் செல்வது, தூளில் பதிந்த தடத்தால் தெரிந்தது. ஒவ்வொரு வாரமும் வைத்த இரையை மறுநாட் காலையில் வாளா எடுத்தெறிந்தோம். நாள்தோறும் காலையில், "சாப்பிட்டதா?" என்று முதலிற் கேட்பவர் பாட்டியே. மாசித் திங்களில், குடியேறிய முப்பத்தொன்றாம் நாள், வைத்த இரை காலையில் இல்லை. மகன் ஓடிவந்து சொன்னான். பாட்டி ஒன்றும் கூறாமல் பூசையறைக்குச் சென்று விளக்கேற்றினார்.

கோடை வந்தபோது எதிர்மறையான தொல்லை பிறந்தது. தில்லி வெயில் 45 பாகையைத் தொடும் நாள்கள் உண்டு. 35 பாகைக்கு மேல் நீடிப்பது இவ்வினத்துக்குக் கேடு. சித்திரை முதல் வெப்பத்தாள்களை நிறுத்திவிட்டு, அறையைக் குளிர்விப்பதே வேலையாயிற்று. குளிர்காலத்தில் சூட்டை உள்ளே காத்த அதே ஒட்டுப்பலகை, வேனிலில் சூட்டை வெளியே நிறுத்திச் சில மணி நேரம் தவணை தந்தது. மின்சாரம் போன பிற்பகல்களில், உறையவைத்த நீர்க்குப்பிகளை அடுக்கின் உச்சித்தட்டில் பரப்பி வைத்தோம். மண்ணுக்குள் நான்கடி ஆழத்தில் இயற்கை எளிதாகத் தருகின்ற சமநிலையை மூன்றாம் மாடியில் ஆக்குவதற்கு மனிதன் எத்தனை கருவிகளைத் திரட்ட வேண்டியிருக்கின்றது! புற்றின் பெருமையை நாங்கள் உணர்ந்தது அப்போதுதான்.

இனி, அடுக்கைப் பற்றிச் சொல்லவேண்டிய செய்தி ஒன்று எஞ்சியுள்ளது. அதில் பெட்டிகள் நான்கு, பாம்புகள் மூன்று. ஒன்றைக் கழுவும்போது பாம்பை மாற்றி வைப்பதற்கென்றே நான்காவதைக் கட்டினோம். கட்டி முடித்த சில திங்களில், "ஒரு பெட்டி சும்மாத்தானே இருக்கிறது, இன்னொன்று வாங்கலாமா?" என்று மகன் கேட்டான். கேள்வி இயல்பானதே. அடுக்கு என்னும் அமைப்பின் மயக்கமே அதுதான். இடம் இருந்தால் நிரப்பத் தோன்றும். நிரம்பினால் இன்னொரு தட்டு ஏற்றத் தோன்றும். மூன்று முப்பதாவது இவ்வழியிலேதான். முப்பதை எண்ணலாம், ஒவ்வொன்றின் மூச்சையும் கேட்டுக்கொண்டிருத்தல் இயலுமா? சீழ்க்கையொலி ஒன்று நள்ளிரவில் எங்கள் செவிக்கு எட்டியது, பாம்புகள் மூன்றே ஆனமையால் அன்றோ?

நாங்கள் அவனுக்கு மறுப்புக் கூறவில்லை. ஒரு கணக்கை மட்டும் முன்வைத்தோம். இவ்வினம் நன்கு பேணப்பெற்றால் இருபது முப்பது ஆண்டுகள் வாழும். அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் விலங்குக் காட்சிசாலையில் இருந்த பெண் பாம்பொன்று, 2020ஆம் ஆண்டில், 62 வயதுக்குக் குறையாத முதுமையில் முட்டையிட்டதாகச் செய்தி வெளியாயிற்று. இளையது இன்னும் முப்பது ஆண்டு இருப்பின், மகனுக்கு அப்போது வயது 45க்கு மேல். கல்லூரிக்கு எவ்வூர் செல்வானோ, வேலை எங்குக் கிடைக்குமோ, மணம் முடிக்கும் பெண் பாம்பிருக்கும் வீட்டில் காலெடுத்து வைப்பாளோ, யாரறிவார்? எங்கள் நண்பருக்கு நேர்ந்தது அவனுக்கும் நேரலாம். இழுப்பறை ஒரு நொடியில் திறக்கும். அதில் வைத்த உயிரின் பொறுப்போ ஓர் ஆயுட்காலம் நீளும். அவன் நெடுநேரம் சிந்தித்துவிட்டு, நான்காம் பெட்டியின் முகப்பில் 'மாற்றிடம்' என்று சீட்டு எழுதி ஒட்டினான். இன்றும் அது வெறுமையாகவே இருக்கின்றது.

"வாடகைக்கு விட மனசில்லையா?" என்று பாட்டி அவனைக் கேலி செய்வதுண்டு.

"ஆள் வந்தால் அளந்து பார்க்கவேண்டும் பாட்டி. அவர்களை மட்டும் இல்லை, என்னையும்" என்பான் அவன்.

இவ்வடுக்கின் வரைபடம் வேண்டும் என்று நண்பர் சிலர் கேட்டதுண்டு. தருவதில் தடையில்லை, ஆனால் எங்கள் அளவு பிறர்க்கு உதவாது. கூண்டுப் பறவையாயினும் தொட்டி மீனாயினும் கட்டிப்போட்ட நாயாயினும், நம் சுவருக்குள் ஓர் உயிரைக் கொணர்வோர் முதலில் ஒரு நூலை எடுத்துக்கொள்ளட்டும். அதன் உடல் எவ்வளவு நீளும் என்று ஒரு முடிச்சு. அதன் வாழ்நாள் எவ்வளவு நீளும் என்று மற்றொரு முடிச்சு. இரண்டுக்கும் இடங்கொடுக்க முடியுமாயின், பலகை வாங்கப் புறப்படலாம்.